மறு: கலைச்சொல் – கொரிய மொழியின் ஹங்குல் எழுத்துச் சதுரத்துக்கு என்ன பெயர்?

வணக்கம்.

> மெய்யும் உயிரும் ஒரே சதுரத்தில் சேர்வதால் 'உயிர்மெய்' என்றே வைத்துவிடலாம். சதுரத்துக்குள் சேரும் ஒவ்வோர் உறுப்பான 'ஜமோ' என்பதற்கு 'தலைமெய், நடுவுயிர், கடைமெய்'.

'உயிர்மெய்' பொருந்தாது. நம் உயிர்மெய் உயிரோடு முடிந்துவிடும். கொரியச் சதுரம் அதற்குப் பிறகும் ஒரு மெய்யை ஏற்கும். 'ஹன்' அங்கே ஒரே சதுரம், நமக்கு இரண்டு எழுத்து. ஆனால் யாப்பில் 'கண்' என்பதை ஒரே நேரசையாகத்தானே அலகிடுகிறோம்? அதனால் 'அசைக்கட்டு' என்கிறேன். (நிரையசைக்கு இங்கே வேலையில்லை.) 'அசையெழுத்து' வேண்டாம், அது ஜப்பானியக் கானா போன்ற, உள்ளே பிரிக்க உறுப்பில்லாத எழுத்துக்கே தகும்.

ஜமோவுக்கு 'உறுப்பெழுத்து'. இடம் சுட்ட அசைமுதல், அசையிடை, அசைக்கடை போதும். 'மெய்' சேர்த்தால் சிக்கல். வட்டமாக எழுதும் உறுப்பு முதலில் நின்றால் ஒலியே கிடையாது, கடையில் நின்றால் 'ங்'. ஒருங்குறியில் (யூனிகோடில்) எண்ணும் வேறு: முதலில் 4,363, கடையில் 4,540.

'அசைக்கட்டு' கணக்குக்கும் ஒத்துவருகிறது. முதல் 19, இடை 21, கடை 27. கடை இல்லாத நிலையையும் சேர்த்தால் 28. பெருக்கினால் 11,172. 1996-இல் வந்த ஒருங்குறி 2.0 இவை அத்தனையையும் 44,032 முதல் 55,203 வரை இடைவெளியின்றி அடுக்கிவிட்டது. பட்டியலே வேண்டாம்: முதலின் வரிசை எண்ணை 21-ஆல் பெருக்கி இடையின் எண்ணைக் கூட்டு, வந்ததை 28-ஆல் பெருக்கிக் கடையின் எண்ணைக் கூட்டு, கடைசியில் 44,032 சேர். 'ஹன்' என்பதற்கு 18, 0, 4. விடை 54,620. வரிசை எண்கள் சுழியத்தில் தொடங்கும். கடையில் சுழியம் என்றால் கடை இல்லை என்று பொருள்.

---

வணக்கம்.

> ஜமோவுக்கு 'உறுப்பெழுத்து'.

ஏற்கிறேன், ஆனால் ஒரு பெயர் போதாது. கட்டாகச் சேரும் உறுப்புகள் 4,352-இல் தொடங்குகின்றன. 12,593-இல் தொடங்கும் இன்னொரு தொகுதி பழைய தரங்களோடு ஒத்துப்போக வைத்தது. அவை சேரவே சேரா. முன்னதைச் 'சேருறுப்பு', பின்னதைத் 'தனியுறுப்பு' என்று பிரிக்காவிட்டால் நிரல் எழுதுபவர் இடறுவார். 12,622, 12,623, 12,596 என்று அடுக்கினால் 'ஹன்' வராது, மூன்று தனி எழுத்துகள் நிற்கும். இணக்க இயல்பாக்கம் (ஒத்த எழுத்துகளை ஒரே வடிவுக்கு மாற்றும் NFKC) செய்தால் இன்னும் மோசம்: தனியுறுப்பு ன் அசைமுதலாக (4,354) மாறிவிடும், 'ஹ' மட்டும் கட்டாகி ன் வெளியே தொங்கும். கடைக்கு வேண்டியது 4,523.

இன்னொரு கலைச்சொல் இணையும் தேவை. 1987-இன் கொரியத் தரம் 2,350 கட்டுகளை மட்டும் தேர்ந்து எண் கொடுத்தது. மீதி 8,822 கட்டுகளுக்கு எண்ணில்லை. அந்த முறை 'வான்சொங்'. எதிர்முறையான 'ஜொஹாப்' 16 பிட்டில் முதல் பிட்டை 1 என வைத்து, உறுப்புக்கு 5 பிட்டாகப் பிரித்தது; எல்லாக் கட்டும் அதில் அடங்கின. இவற்றைக் 'கட்டியமுறை', 'கட்டும்முறை' எனலாமா?

அதே வழியில், ஒருங்குறியில் 'கட்டிய வடிவம்', 'பிரித்த வடிவம்'. ஒருங்குறி எண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8-இல் 'ஹன்' கட்டிய வடிவில் 3 பைட்டு, பிரித்தால் 9. மேக்கின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். அந்தப் பெயர் விண்டோஸுக்குப் போனால் பல இடங்களில் உறுப்பு உறுப்பாகச் சிதறித் தெரியும், தேடினாலும் அகப்படாது. எழுத்துருவில் முதல், இடை, கடைக்கு உரிய வடிவமாற்று விதிகள் இல்லாதபோதும் இதே சிதறல்தான். ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும் கட்டிய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.