டி-எஸ்கலேஷன்: ஒரு சொல் போதாது

குழுவினருக்கு வணக்கம். தொடங்கிய ஆன்டிபயாடிக்கை (பாக்டீரியாவுக்கு எதிரான மருந்து) பின்னர் சில கிருமிகளை மட்டும் தாக்கும் மருந்துக்கு மாற்றுவதையும், நிறுத்துவதையும் ஆங்கிலத்தில் டி-எஸ்கலேஷன் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடுகையில் குழுவில் வந்த யோசனை இது:

> ஆன்டிபயாடிக் டி-எஸ்கலேஷனுக்கு ‘மருந்துக் குறைப்பு’ என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

ஐயா, புரியும், ஆனால் தவறாகப் புரியும். ‘மருந்தைக் குறைக்கிறோம்’ என்றால் நோயாளியின் வீட்டார் அளவைக் குறைப்பதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இங்கே அப்படி இல்லை. கொடுக்கிறவரை சரியான முழு அளவு, தேவை முடிந்ததும் நிறுத்தம். அரைகுறை அளவில் இழுத்தால் கிருமி தப்பித்துக்கொண்டு மருந்தை எதிர்க்கப் பழகிவிடும்.

ரத்தப் புற்றுநோய் வார்டில் நடப்பதைப் பாருங்கள். லுகேமியாவுக்குக் கீமோ கொடுத்தபின் நியூட்ரோஃபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளணு வகை) எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 500-க்கும் கீழே இறங்கிவிடும். அந்த நேரத்தில் ஒரே ஒருமுறை 38.3 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் அடித்தாலும் ரத்தத்தைக் கல்ச்சருக்கு (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பிப்பராசிலின்-டாசோபாக்டம், செஃபிபைம், மெரோபெனம் போன்ற, பல வகைக் கிருமிகளைத் தாக்கும் ஆன்டிபயாடிக் ஒன்றை ஏற்றியாக வேண்டும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது.

சிக்கல் மூன்றாம் நாள் வாக்கில் வருகிறது. கல்ச்சரில் எதுவும் வளரவில்லை, காய்ச்சலும் விட்டுவிட்டது, வெள்ளணு மட்டும் ஏறவில்லை. பழைய வழக்கப்படி அது ஏறும்வரை மருந்து ஓடும், சில சமயம் வாரக்கணக்கில். அதற்குள் குடலின் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து, சி. டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியா தரும் வயிற்றுப்போக்கும், மருந்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவும் இடம்பிடித்துக்கொள்ளும்.

ஸ்பெயினில் ‘ஹவ் லாங்’ ஆய்வு (2017), காய்ச்சல் விட்டு 72 மணி நேரம் ஆகி உடலும் தேறியவர்களுக்கு, வெள்ளணு ஏறக் காத்திருக்காமல் மருந்தை நிறுத்திப் பார்த்தது. நெதர்லாந்தின் ‘ஷார்ட்’ ஆய்வு (2022), காரணம் பிடிபடாத காய்ச்சலில் கார்பபெனம் வகை மருந்தை (மெரோபெனம் இந்த வகைதான்) 72 மணி நேரத்தோடு நிறுத்தியது. குறைந்தது 9 நாள் கொடுத்தவர்களோடு ஒப்பிட்டதில், சிகிச்சைத் தோல்வி ஏற்கத்தக்க வரம்பைத் தாண்டவில்லை. ரத்த அழுத்தம் விழுந்து தீவிர சிகிச்சையில் இருப்பவருக்கு இதை அப்படியே பொருத்தக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆய்வுகள் பேசுவது நிறுத்துவதைப் பற்றி. கல்ச்சரில் கிருமி இன்னதென்று தெரிந்தபின், பரந்த வீச்சுள்ள மெரோபெனத்திலிருந்து அந்தக் கிருமிக்குப் போதுமான குறுகிய வீச்சு மருந்துக்கு மாறுவது வேறு வேலை. ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே பெயரில் அடைக்கிறார்கள். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மருந்து மாறுவதற்கு ‘படியிறக்கம்’, நிறுத்துவதற்கு ‘உரியகால நிறுத்தம்’ என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

‘இடைநிறுத்தம்’ சரிவராது, சிகிச்சையைப் பாதியில் கைவிட்டதுபோல் ஒலிக்கிறது. ‘முன்நிறுத்தம்’ என்றால் முன்னிறுத்துதலோடு குழம்பும்.

செவிலியர்கள் குழுவில் இருந்தால் அவசியம் எழுதுங்கள். மூன்றாம் நாள் “ஏன் மருந்தை எடுத்துட்டீங்க?” என்ற கேள்விக்குப் பதில் சொல்பவர்கள் நீங்கள்தான். ஆன்டிபயாடிக்கைப் பொறுப்போடு பயன்படுத்துவதைக் குறிக்கும் ஸ்டூவர்ட்ஷிப்புக்கு ‘பொறுப்பாண்மை’ சரியா என்பதை அப்புறம் தனி இழையில் பேசுவோம்.