பாளையங்கோட்டை வீடு 🏠 (குடும்பக் குழு)

கார்த்தி நியூயார்க்: 📷 படம்

கார்த்தி நியூயார்க்: ஜே ட்ரெயின்ல போகும்போதெல்லாம் கண்ணுல படும். இன்னைக்கு லீவு, இறங்கிப் போயிட்டு வந்தேன். புரூக்ளின்ல சைப்ரஸ் ஹில்ஸ் ராணுவக் கல்லறைத் தோட்டம். 1862ல ஆரம்பிச்சது.

மீனா அத்தை: ஏல, விடிஞ்சதும் கல்லறைப் படமா போடுவாவ? குட் மார்னிங் படம்னு நெனச்சுல்லா திறந்தேன்

கார்த்தி நியூயார்க்: அத்தை, இங்க ராத்திரி 😄

பெரியப்பா: கல்லெல்லாம் ஒரே அளவுல வரிசையா நிக்கி. மிலிட்டரி கல்லறைன்னா அப்படித்தான். யாரப் பாக்கப் போன?

கார்த்தி நியூயார்க்: ஜான் மார்ட்டின்னு ஒரு சார்ஜென்ட், பெரியப்பா. இத்தாலியப் பேரு ஜியோவானி மார்த்தினி. இத்தாலிக்குத் தெக்க சாலா கான்சிலினாங்கிற ஊரு. 1873ல அமெரிக்கா வந்து, அடுத்த வருஷமே பட்டாளத்துல சேந்துட்டார். ஏழாவது கேவல்ரி, அதாவது குதிரைப்படை, ஹெச் கம்பெனி. ட்ரம்பெட் ஊதுற வேலை. பட்டாளக் கணக்குல பேரு ஜான் மார்ட்டின் ஆயிட்டு.

அப்பா: ஏழாவது கேவல்ரின்னா கஸ்டர் ரெஜிமென்டுலா?

கார்த்தி நியூயார்க்: அதேதான்ப்பா, பூர்வகுடிகளோட சண்டை போட்ட அமெரிக்க அதிகாரி கஸ்டர். 1876 ஜூன் 25, மொன்டானால லிட்டில் பிக்ஹார்ன் ஆத்தங்கரை. அன்னைக்கு கஸ்டருக்கு ஆர்டர்லி, அதாவது கூடவே இருந்து சேதி கொண்டு போற ஆளு, இவருதான். கஸ்டர் கூடப் போன அஞ்சு கம்பெனில 210 பேர் பக்கம் செத்தாங்க. அதுக்குக் கொஞ்சம் முன்னால இவரை ஒரு சீட்டோட திருப்பி அனுப்பிட்டார். அதனால பொழச்சார்.

பெரியப்பா: சீட்டுல என்ன இருந்துச்சு?

கார்த்தி நியூயார்க்: அதே ரெஜிமென்டுல தனியா வேற பக்கம் போயிருந்த கேப்டன் பென்டீனுக்கு எழுதினது. “பென்டீன். வாரும். பெரிய கிராமம். சீக்கிரம். பொதிகளைக் கொண்டுவாரும்.” கீழ பி.கு. போட்டு மறுபடியும் பொதிகளைக் கொண்டுவாரும்னு. கஸ்டர் வாயால சொல்ல, இவருக்கு இங்கிலீஷ் சரியா வராதேன்னு கஸ்டரோட உத்தரவை எழுதுற அதிகாரி, அட்ஜுடன்ட் குக், அவசரமா எழுதிக் கொடுத்துட்டார்.

பெரியப்பா: பொதின்னா கோவேறு கழுதைல தோட்டாப் பெட்டி. அது மெதுவாத்தான் வரும். சீக்கிரம் வாங்கான், கழுதையையும் கூட்டிட்டு வாங்கான். ரெண்டும் எப்படிலே நடக்கும்? எங்க, எந்தப் பக்கம், எதிரி எத்தன பேரு, ஒண்ணும் இல்ல. எங்க ஆர்மி சிக்னல்ஸ்ல இப்படி மெசேஜ் எழுதினா ஹவில்தார் மேஜர் தோலை உரிச்சிருப்பாரு.

அப்பா: அண்ணன் 1971 சண்டைல இருந்து வெளிய வரலை 😀

கார்த்தி நியூயார்க்: வழில கஸ்டரோட தம்பி பாஸ்டன் எதிர்க்க வந்திருக்கார். ஜெனரல் எங்கன்னு கேட்டுட்டு அந்தப் பக்கமே குதிரையை விட்டுட்டார். அவரும் திரும்பி வரலை. மார்ட்டின் பென்டீன்ட்ட போய்ச் சேந்ததும், உன் குதிரைக்கு என்னாச்சுன்னு கேட்டிருக்கார். “களைச்சுப் போச்சு போல”ன்னு இவர் சொல்ல, “களைப்பா? அதோட இடுப்பப் பாரு”ன்னாராம். அப்பத்தான் ரத்தத்தப் பாத்தாராம். குண்டு பாஞ்ச குதிரைல அவ்ளோ தூரம் வந்தது இவருக்கே தெரியலை.

மீனா அத்தை: அடப் பாவமே 😢 அந்த வாயில்லா ஜீவன்

யாழினி: அண்ணா ஒரு டவுட். அந்த “பெரிய கிராமம்” யாரோடது?

கார்த்தி நியூயார்க்: லக்கோட்டா, செயேன், அரபஹோன்னு அங்கத்த பூர்வகுடி மக்களோடது.

யாழினி: ஆங், அதச் சொல்லு. பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதி லக்கோட்டாக்களுக்குன்னு 1868ல ஃபோர்ட் லாராமில ஒப்பந்தம் போட்டாங்க. 1874ல அங்க தங்கம் இருக்குன்னு ஊரறியச் செஞ்சதே கஸ்டர் கூட்டிட்டுப் போன படைதான். குடும்பம் குழந்தையோட கூடாரம் போட்டிருந்தவங்க மேல இவங்கதான் பாஞ்சாங்க. நம்ம ட்ரம்பெட்காரர் அந்தக் கட்சி.

கார்த்தி நியூயார்க்: மறுக்கல யாழினி. அந்த இடத்துக்கு ரொம்ப நாள் கஸ்டர் பேருதான். 1991லதான் மாத்தினாங்க. பூர்வகுடிகளுக்கு நினைவிடம் 2003ல.

அப்பா: இத்தாலிக்காரனுக்கு அங்க என்ன தகராறு? சம்பளத்துக்குச் சேந்தவன்.

கார்த்தி நியூயார்க்: மாசம் 13 டாலர்ப்பா. அந்த ரெஜிமென்டுல அஞ்சுல ரெண்டு பேரு வெளிநாட்டுல பொறந்தவங்க. அயர்லாந்து, ஜெர்மனிதான் ஜாஸ்தி. பேண்ட் மாஸ்டரும் இத்தாலிக்காரர், வினாட்டியேரி. பேண்ட்காரங்களைப் பவுடர் ஆத்தங்கரைலயே விட்டுட்டு அவங்க குதிரைகளை மட்டும் சண்டைக்குக் கொண்டு போயிட்டாங்க. அதனால அவங்களும் தப்பிச்சாங்க.

கார்த்தி நியூயார்க்: எனக்கு ஆத்தாமை என்னன்னா, கஸ்டருக்கு உதவி போய்ச் சேரலங்கிற பழியில ஒரு பங்கு இவர் தலைல விழுந்துச்சு. 1879ல சிகாகோல அந்தச் சண்டை பத்தி விசாரணை நடந்துச்சு. எதிரிங்க ஓடிக்கிட்டிருக்காங்கன்னு மார்ட்டின் சொன்னான், அதான் அவசரம்னு தோணலன்னு பென்டீன் தரப்பு. நான் அப்படிச் சொல்லவே இல்லன்னு மார்ட்டின் பிற்காலத்துல மறுத்தார். பென்டீன் இவரை மந்தபுத்தி இத்தாலியன்னு வேற எழுதி வச்சிருக்கார்.

பெரியப்பா: நான் ஜபல்பூர் ட்ரெய்னிங்குக்குப் போனப்ப இந்தி ஒரு வார்த்தை தெரியாது. உஸ்தாத் வலதுங்கான், நான் இடது திரும்புதேன். மூளையில்லாத மதராசின்னுதான் கூப்பிட்டான். அந்தாளுக்கு மோர்ஸ் நிமிஷத்துக்குப் பத்து வார்த்தை வராது. எனக்கு அவன விட வேகம். அப்பமும் மதராசிதான்.

பெரியப்பா: பிறகு இவன் என்ன ஆனான்?

கார்த்தி நியூயார்க்: பட்டாளத்தை விடலை. முப்பது வருஷ சர்வீஸ். கடைசில கடலோர பீரங்கிப் படைல இருந்து 1904ல சார்ஜென்டா ஓய்வு. அயர்லாந்துக்காரப் பொண்டாட்டி, நிறையப் பிள்ளைங்க. அதுக்கப்புறம் நியூயார்க் சப்வேல 103வது தெரு ஸ்டேஷன்ல டிக்கெட் வேலை.

மீனா அத்தை: பென்ஷன் பத்தலையோ என்னவோ

அப்பா: டிக்கெட் எடுக்கப் போன ஒருத்தனுக்காவது தெரிஞ்சிருக்குமா, கஸ்டர்ட்ட கடைசியா உத்தரவு வாங்கின ஆளுன்னு?

கார்த்தி நியூயார்க்: 1922 டிசம்பர்ல புரூக்ளின் ரோட்டைக் கடக்கும்போது லாரி மோதிட்டு. ஆஸ்பத்திரில கிடந்து, 24ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் போயிட்டார்.

மீனா அத்தை: அத்தனை குண்டுக்குத் தப்பிச்சவன் லாரிக்குத் தப்பலியே. எங்க போனாலும் ரெண்டு பக்கமும் பாத்து ரோட்ட கடலே கார்த்தி. காதுல அந்த மிஷினை மாட்டிக்கிட்டு நடக்காத

கார்த்தி நியூயார்க்: சரி அத்தை 🙏

கார்த்தி நியூயார்க்: கஸ்டர் உடம்ப சண்டைக்கு அடுத்த வருஷமே எடுத்து வந்து வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமில மரியாதையோட புதைச்சாங்க. அந்தச் சீட்டும் இப்ப வெஸ்ட் பாயின்ட்லதான் இருக்கு. பென்டீன் ஆர்லிங்டன் தேசியக் கல்லறைல. செத்த சிப்பாய்ங்க எலும்பெல்லாம் குன்று மேல ஒரே குழில, 1881ல அதுக்கு மேல பெரிய கல்தூண் வச்சாங்க. சீட்டைக் கொண்டு போனவர் இங்க, ட்ரெயின் சத்தத்துல. நான் நின்ன அரை மணி நேரத்துல அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கா வரலை.

பெரியப்பா: அமைதி வேணும்னா சிப்பாய் கல்லறைக்குத்தான் போணும். எழுதிக் கொடுத்த குக் என்ன ஆனான்?

கார்த்தி நியூயார்க்: அவரும் அங்கேயே செத்தார் பெரியப்பா. அவரும் வெளிநாட்டுக்காரர்தான், கனடா. சொந்தக்காரங்க பின்னால ஹாமில்டனுக்குக் கொண்டு போய் அடக்கம் பண்ணினாங்க.

பெரியப்பா: ஓ. எழுதுனவனும் வெளியூரு, சுமந்தவனும் வெளியூரு. ஹாமில்டன் உனக்கு எவ்வளவு தூரம்? அடுத்த லீவுக்கு ஒரு எட்டு போயிட்டு வாயேன்

கார்த்தி நியூயார்க்: பெரியப்பா, கார்ல எட்டு மணி நேரம். விசா வேற எடுக்கணும் 😂