டின்னர் ரோல் (சின்ன மெத்தென்ற பன்) மறுநாளே கல்லாகிவிடுகிறது, எங்கே தவறு?

கேள்வி:
மைதா 300 கிராம், வெதுவெதுப்பான பால் 150 மி.லி., இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 2 டீஸ்பூன், சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன், உப்பு 1 டீஸ்பூன், வெண்ணெய் 30 கிராம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு 8 நிமிடம் பிசைகிறேன். கையில் ஒட்டுவதால் இன்னும் ஒரு கைப்பிடி மைதா சேரும். ஒன்றரை மணி நேரம் உப்ப விட்டு, உருட்டி, மீண்டும் ஒரு மணி நேரம். ஓடிஜியில் (சிறிய மின் அடுப்பில்) 200 டிகிரி, 25 நிமிடம். சூடாக இருக்கும்போது பரவாயில்லை, ஆனால் மேல்தோல் தடிப்பு. இரவுக்குள் வறண்டு, மறுநாள் கல். ஈஸ்ட் வாடையும் தூக்கலாக இருக்கிறது. முட்டை சேர்ப்பதில்லை.

பதில் 1:
முதல் குற்றவாளி அந்தக் கைப்பிடி மைதா. 300-க்கு 150 என்பதே பாதி ஈரம்தான், அது சப்பாத்தி மாவுக்குப் போதும், ரோலுக்குப் போதாது. மேலே மாவு தூவத் தூவ இன்னும் இறுகும். பாலை 195 மி.லி. ஆக்குங்கள். மைதா பைக்குப் பை மாறும் என்பதால் அதில் 15 மி.லி. கையில் வைத்துக்கொண்டு தேவை பார்த்துச் சேருங்கள்.

வெண்ணெயையும் உப்பையும் விட்டுவிட்டு மற்றதைக் கலந்து, மூடி 20 நிமிடம் சும்மா விடுங்கள். மைதா பாலைக் குடித்துத் தானாகவே இழுபடத் தொடங்கும், பிசையும் வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும். பிறகு உப்பு சேர்த்து 5 நிமிடம் பிசைந்து, மெத்தென்ற வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். ஆரம்பத்திலேயே போட்டால் கொழுப்பு மைதாவின் மேல் படிந்து குளூட்டன் (மாவுக்கு இழுவை தரும் புரதம்) வளர்வதைத் தாமதப்படுத்தும். வெண்ணெய் போட்டதும் மாவு பிசுபிசுவென்று பிரிந்துபோனது போலத் தெரியும். அப்போது மாவு தூவாதீர்கள். மேடையில் அடித்து மடித்து, அடித்து மடித்து இன்னும் 8–10 நிமிடம். சிறு துண்டை இழுத்தால் கிழியாமல் விரல் நிழல் தெரியும் சவ்வாக வர வேண்டும்.

பதில் 2:
ஈரம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் வாடைக்கும் வறட்சிக்கும் ஈஸ்டும் நேரமும்கூடக் காரணம். நம் ஊர் வெயிலில் சமையலறை 32–33 டிகிரி இருக்கும்போது 2 டீஸ்பூன் மிக அதிகம். 1 டீஸ்பூன் போதும். முதல் உப்பலுக்கு 45–60 நிமிடத்தில் இரட்டிப்பாகும். கடிகாரத்தை நம்பாமல் மாவைப் பாருங்கள்.

60–65 கிராம் வீதம் 9 உருண்டை, 8 அங்குலச் சதுர ட்ரே. சிறு இடைவெளி விட்டு வையுங்கள், உப்பியதும் ஒன்றையொன்று தொட வேண்டும். தொடும் பக்கங்களில் தோல் பிடிக்காது. இரண்டாவது உப்பலில் மாவு தொட்ட விரலால் மெல்ல அழுத்துங்கள். பள்ளம் உடனே எழும்பினால் இன்னும் ஆகவில்லை, ஓடிஜியில் பக்கவாட்டில் வெடிக்கும். மெதுவாகப் பாதி எழும்பினால் உள்ளே வைக்கலாம். அப்படியே நின்றால் மிஞ்சிவிட்டது, வெந்ததும் அமுங்கும்.

200 டிகிரி, 25 நிமிடம் என்பது ரஸ்க் கணக்கு. 180-ல் 18–20 நிமிடம், ட்ரே நடுத்தட்டுக்கு ஒரு படி கீழே. மேலே சீக்கிரம் சிவந்தால் ஃபாயில் போர்த்துங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 90 டிகிரி வந்ததும் எடுத்துவிடலாம். எடுத்த கையோடு வெண்ணெய் தடவி, துணி போர்த்தி 10 நிமிடம். அதற்குமேல் ட்ரேயில் வைத்தால் அடி நமத்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மறுநாள் வரை மெத்தென்று இருக்க வேறு வழி உண்டா? ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

பதில் 3:
ஃப்ரிட்ஜ் வேண்டவே வேண்டாம். அந்தக் குளிரில்தான் வெந்த ஸ்டார்ச் மிக வேகமாக இறுகும். இரண்டு நாள் வரை காற்றுப் புகாத டப்பாவில் வெளியே, அதற்குமேல் ஃப்ரீசர்.

முட்டை இல்லாததால் டாங்ஜோங் முறை உங்களுக்குப் பொருந்தும். 300 கிராமிலிருந்து 20 கிராம் மைதாவை 100 மி.லி. பாலில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறுங்கள். கரண்டி இழுத்த தடம் நிற்கும் கூழாக வந்ததும், ஏறக்குறைய 65 டிகிரியில், இறக்குங்கள். வெந்த மாவு பச்சை மாவைவிடப் பல மடங்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும். நன்றாக ஆறியபின் மீதி 280 கிராம் மைதாவோடு, இன்னும் 110 மி.லி. பால் சேர்த்துப் பிசையுங்கள். சூடாகச் சேர்த்தால் ஈஸ்ட் செத்துவிடும்.

மறுநாள் சூடாக்க மைக்ரோவேவை விட இட்லிப் பானை மேல். தட்டில் துணி விரித்து 2 நிமிடம் ஆவி காட்டினால் இறுகியது இளகி, அன்று சுட்டது போல ஆகும். உடனே சாப்பிட்டுவிடுங்கள், ஆறினால் முன்பைவிட விறைக்கும்.