டேப்லெட்டில் வேலைப் பட்டியல்: மலையில் எது தாங்குகிறது?

கோத்தகிரி, சிறு தேயிலை விவசாயி:

கவாத்து, உரம், மருந்தடிப்பு, எந்தப் பகுதியில் அடுத்து கொழுந்து பறிப்பது என எல்லாவற்றையும் டேப்லெட்டில்தான் எழுதி வைக்கிறேன். முதலில் வைத்திருந்தது காசு கொடுத்து வாங்கிய செயலி. வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து. வீட்டுக்குள் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். தோட்டத்து மேட்டில், உச்சி வெயிலில், எழுத்து இருக்கிற இடமே தெரியாது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிவேறுபாடு வேண்டும் என்று இணைய அணுகல் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. வடிவமைத்தவர் திரைச்சீலை போட்ட அறையைவிட்டு வெளியே வந்ததில்லை போலும்.

வெயிலாவது பரவாயில்லை. பனிமூட்டம் இறங்கினால்தான் வேடிக்கை. இந்தத் தொடுதிரைகள் விரலின் மின்தன்மையை உணர்ந்து இயங்குபவை. நீர்த்துளி விழுந்தாலும் தொட்டதாக எடுத்துக்கொள்ளும். திரை சுத்தமாகத் தெரியவேண்டும் என்று பொத்தான்களையெல்லாம் ஒளித்துவிட்டு, இடப்பக்கம் இழுத்தால் அழியும், வலப்பக்கம் இழுத்தால் முடிந்தது என்று வைத்திருந்தார்கள். ஈரக்கை பட்டு மருந்தடிப்பு வேலையே பட்டியலிலிருந்து மறைந்தது. ஆள் வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது.

இப்போது இருப்பது ரேஷன் அட்டை மாதிரி இருக்கும். ஆனால் பொத்தான் பெரிது. ஆப்பிள் 44 புள்ளி, கூகுள் 48 டிபி (இரண்டும் திரையில் அளக்கும் அலகுகள்) எனத் தொடும் இடத்துக்குக் குறைந்த அளவு சொல்லியிருப்பது சும்மா இல்லை.

கொடைக்கானல், விருந்தினர் குடில்கள்:

நண்பரே, அழகின்மேல் இவ்வளவு கோபம் வேண்டாம். நாங்கள் வுண்டர்லிஸ்ட் என்ற வேலைப் பட்டியல் செயலியை வைத்திருந்தவர்கள். மைக்ரோசாஃப்ட் 2015இல் அதை வாங்கி, 2020 மே 6 அன்று மூடியது. அதன் பின்னணிப் படங்களைப் பார்த்து மயங்கியவர்களில் நானும் ஒருவன். ஆனால் அதற்குப் பதிலாக வந்த மைக்ரோசாஃப்டின் டூ டூ (To Do) செயலியில் பட்டியலுக்கு ஒரு நிறம் வைக்கலாம். குடிலின் சாவி நாடா என்ன நிறமோ, அதே நிறத்தைப் பட்டியலுக்கும் வைத்தேன். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத அக்கா ஒருவர், படுக்கை விரிப்பு மாற்றவேண்டிய குடிலை யாரையும் கேட்காமல் கண்டுபிடிக்கிறார். இதை அலங்காரம் என்று தள்ள முடியுமா? சில செயலிகளில் வேலை முடிந்தால் திரையில் வெடிக்கிற காகிதப் பூமாரியைத்தான் சகிக்க முடியாது.

கோத்தகிரி:

சாவி நாடா யோசனை அருமை. இங்கே தோட்டப் பகுதிகளுக்கும் செய்து பார்க்கிறேன்.

குன்னூர்:

இன்னொன்றையும் கவனியுங்கள். "கிடங்குக்குப் போனதும் நினைவூட்டு" என்ற வசதியைப் பார்த்தே நான் செயலியைத் தேர்ந்தெடுத்தேன். வரைபடமும் ஊசியும் அவ்வளவு நேர்த்தி. ஆனால் என்னிடம் இருப்பது வைஃபை மட்டும் உள்ள ஐபேட். அதில் ஜிபிஎஸ் கிடையாது; அருகிலுள்ள வைஃபையை வைத்துத்தான் இடத்தைக் கணிக்கும். சுற்றிலும் வைஃபை இல்லாத தேயிலைக் காட்டில் அது எங்கே இருக்கிறோம் என்று எப்படிச் சொல்லும்? இப்போதெல்லாம் இணையம் இல்லாமலும் ஓடுகிறதா என்று பார்க்க, விமானப் பயன்முறையில் போட்டு, ஒரு வேலையைச் சேர்த்து, தேதி மாற்றி, செயலியை மூடித் திறந்து பார்த்த பிறகுதான் நிறத்தைப் பற்றியே யோசிக்கிறேன்.