ஆஃப்செட்டில் சின்ன எழுத்து கலங்கி வருவது ஏன்?

கேள்வி:
ஏ5 நோட்டீஸை போட்டோஷாப்பில் ஆர்ஜிபியில் (திரைக்கான சிவப்பு, பச்சை, நீல வண்ண முறை) செய்து பிரஸ்ஸுக்குக் கொடுத்தேன். கறுப்பு எழுத்தின் ஓரமெல்லாம் சிவப்பும் நீலமும் எட்டிப் பார்க்கின்றன. ஃபைலில் எதை மாற்ற வேண்டும்?

பதில் 1:
ஆர்ஜிபி கறுப்பு, அச்சின் சிஎம்ஒய்கேவுக்கு (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) மாறும்போது நான்கு மையாகப் பிரிந்துவிடும். ஒவ்வொரு மைக்கும் தனி பிளேட், அதாவது அச்சுத் தகடு. அதில் ஒன்று மயிரிழை விலகினாலும் 8 பாயின்ட் எழுத்து கலங்கிவிடும். எழுத்துக்கு கே (கறுப்பு மை) 100% மட்டும் கொடுங்கள், மற்ற மூன்றும் 0. ஒரே பிளேட்டில் விழுவதால் விலக வழியே இல்லை. வண்ணப் பின்னணி மேல் வரும் எழுத்தென்றால் ஓவர்பிரிண்ட் (பின்னணியை வெட்டாமல் அதன் மேலேயே அச்சிடுவது) போடுங்கள், இல்லாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். பெரிய கறுப்புப் பரப்பு மட்டும் வெறும் கே 100இல் வெளிறித் தெரியும். அங்கே சி (சியான்) 40% சேர்த்தால் அடர்த்தி வரும்.

தயவுசெய்து போட்டோஷாப்பில் எழுத்தே அடிக்காதீர்கள். படம் அங்கே, 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி). எழுத்து இல்லஸ்ட்ரேட்டரிலோ இன்டிசைனிலோ.

பதில் 2:
நான்கு பக்கமும் 3 மிமீ ப்ளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியே நீளும் பின்னணி) விட்டீர்களா? 148×210 மிமீ ஏ5, ஃபைலில் 154×216 மிமீ ஆக இருக்க வேண்டும். கட்டிங்கில் கத்தி சற்று நகரும், ப்ளீட் இல்லையென்றால் வெள்ளை ஓரம் நிச்சயம்.

பதில் 3:
தமிழுக்கு இன்னொன்று. இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி கம்போசரை (இந்திய மொழி எழுத்துகளைச் சரியாக அடுக்கும் அமைப்பு) தேர்ந்தெடுக்காவிட்டால் 'கொ'வின் கொம்பு இடம் மாறி நிற்கும். பாமினியில் (யூனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துரு) அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். எழுத்தை அவுட்லைன் (வெறும் கோட்டு வடிவம்) ஆக்கி பிடிஎஃப் கொடுங்கள். அதற்கு முந்தைய ஃபைலைத் தனியாகச் சேமியுங்கள். அவுட்லைன் ஆனபின் தேதியைக்கூட அடித்துத் திருத்த முடியாது.