மறு: கிரிம்ப் மணிக்கும் அதன் குறட்டுக்கும் தமிழ்ச் சொல்

> கிரிம்ப் பீட் = நெரிமணி; கிரிம்பிங் பிளாயர் = நெரிகுறடு

ஐயா, வணக்கம். மாலைக் கம்பியின் முனையைப் பிடித்து நிறுத்தும் குட்டி உலோகக் குழாய்க்கும், அதை அழுத்தும் குறட்டுக்கும் நீங்கள் தந்த சொற்களைப் பார்த்தேன். நெரிகுறடு நல்ல வினைத்தொகை, காதுக்கும் இதம். சுங்கை சிப்புட்டில் எங்கள் சனிக்கிழமை மணிக்கோவை வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். பின்வரிசை அக்கா ஒருவர், "கழுத்துல போடுற மாலைக்கு நெரிக்கிறதுன்னா பேரு வைப்பீங்க, டீச்சர்?" என்று கேட்டுவிட்டார். அதற்குமேல் வகுப்பு எங்கே நடந்தது!

குறடு இருக்கட்டும். பொற்கொல்லர் பட்டறையில் சாமணத்தோடு கிடந்த சொல்தான். எங்கள் ஊரில்தான் எல்லாமே பிளாயர். சிக்கல் 'நெரி'யில். நெரிப்பது மட்டும் அதன் வேலை இல்லை. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய சாதாரணக் குறட்டால் அந்தக் குட்டிக் குழாயை நசுக்கி, தீபாவளிக்கு ஒரு மாலை முடித்தேன். தட்டையான விளிம்பு கம்பியை அறுத்து, கோயில் வாசலிலேயே மணி எல்லாம் சிதறின.

முறையான குறட்டின் வாயில் இரண்டு பள்ளங்கள் இருக்கும். உள்பள்ளத்தில் ஒரு பல் உண்டு. குழாய்க்குள் போய், மடங்கித் திரும்பி வரும் கம்பியின் இரண்டு இழைகளையும் பக்கத்துக்கு ஒன்றாக ஒதுக்கி அழுத்தினால், அந்தப் பல் குழாயின் நடுவே பள்ளம் விழுத்தும். பிறகு குழாயைக் கால் சுற்று திருப்பி, நுனிப் பள்ளத்தில் வைத்து அழுத்த வேண்டும். குழாய் இரண்டாக மடிந்து உருண்டு, கம்பியைக் கவ்விக்கொள்ளும். விரலால் தடவினால் முனை தட்டாது.

இதைச் செய்து காட்டியபோது அதே அக்கா, "நூலா இருந்தா முடிச்சுப் போட்டிருவோம். இது கம்பி, முடிச்சு நிக்காது. அதான் மணியே முடிச்சாயிருது" என்றார். நாம் இரண்டு வாரமாகத் தேடிய சொல்! முடிச்சுமணி, முடிச்சுக் குறடு.

அப்புறம், கம்பியை வளையமாகச் சுற்றும் ரவுண்ட் நோஸ் பிளாயருக்கு 'வட்டமூக்குக் குறடு' வேண்டாமே. தாடை இரண்டும் கூம்பு. நுனியில் கம்பியைச் சுற்றினால் கடுகளவு வளையம், அடியில் சுற்றினால் மிளகளவு. கூம்புக் குறடு போதும். வேலையைப் பார்த்துப் பெயர் வை என்றவள் இங்கே வடிவத்துக்குத் தாவுகிறேன், தெரியும். 'வளையக் குறடு' என்றால் இணைப்பு வளையத்தைத் திறக்கும் குறட்டோடு குழம்பும்.

---

அம்மா, அந்த அக்காவுக்கு என் வணக்கம். நெரியை நானே திரும்பப் பெறுகிறேன். ஒரே ஐயம்: முத்துமாலையில் மணிக்கு மணி முடிச்சுப் போடுவார்களே, அதோடு குழம்பாதா? 'முடிமணி' என்று சுருக்கினால்?

---

ஐயா, முத்துமாலையில் முடிச்சு நூலில் விழுகிறது. அங்கே முடிச்சு உண்டு, முடிச்சுமணி இல்லை. குழப்பம் வராது. முடிமணி என்றால் எங்கள் பிள்ளைகள் தலைமுடியில் கோத்துக்கொள்வார்கள்! டப்பா மேல் 'முடிச்சுமணி, 2 மி.மீ.' என்று ஏற்கெனவே எழுதி ஒட்டிவிட்டேன்.