உயர் மின்னழுத்தமா, மிகை மின்னழுத்தமா?

அன்புள்ள குழுவினருக்கு,

ஐ.டி.ஐ. மாணவர்களுக்கான பிரேக் பாடக் குறிப்பு நாளை அச்சுக்குப் போகிறது. வண்டியில் வோல்ட் அளவு மீறி ஏறினால் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) பெட்டி ஒரு எரர் கோடை, அதாவது பிழைக்குறியை, பதிந்து, விளக்கை எரியவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். சாதாரண பிரேக் மட்டும் பிடிக்கும். அந்தக் கோடுக்கு ‘பேட்டரி உயர் மின்னழுத்தப் பிழைக்குறியீடு’ என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு பையன் மீட்டர் வைக்கப் போன கையை இழுத்துக்கொண்டான். “ஷாக் அடிக்காதா சார்?” டிரான்ஸ்ஃபார்மர் வேலியில் மண்டையோட்டுக்குக் கீழே அவன் பார்த்த சொல் அது. இங்கே பேச்சு 16, 17 வோல்ட்டைப் பற்றித்தான். வேறு சொல் தாருங்கள்.

> உயர் மின்னழுத்தப் பிழை

தம்பி, ‘மிகை’ என்று போடுங்கள். ‘மிகினும் குறையினும் நோய்செய்யும்’ என்று வள்ளுவர் சொன்னது இந்தப் பெட்டிக்கும் பொருந்தும். வோல்ட் குறைந்தாலும் அது கோடு போடுமே. ‘பிழை’யும் வேண்டாம். பிழைத்தான் என்றால் தவறினான், உயிர் தப்பினான் இரண்டும்தான். ‘பழுது’ நல்ல சொல். பேட்டரிக்கு மின்கலம் என்பதும் தவறு: ஆறு கலம் சேர்ந்த அடுக்கு அது.

> ‘பழுது’ நல்ல சொல்

‘கோளாறு’ ஏன் கூடாது? கோளறு பதிகத்தின் கோள்தானே?

இல்லை ஐயா, அது கோள் அறு. சம்பந்தர் கோள்களின் தீமையை அறுத்தார். இங்கே ஒன்றும் அறவில்லை.

பட்டறையிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு இது ‘சார்ஜ் ஓவர்’. பெயரிலிருந்து பேட்டரியை எடுத்துவிடுங்கள். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்டும். 17 வருவது பேட்டரியால் அல்ல, பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுழற்றும் மின்னாக்கி) தரும் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரால். போன மாதம் ஒருவர் புது பேட்டரியே மாட்டிக்கொண்டு வந்தார், விளக்கு அணையவில்லை. மீட்டரில் 14.1. விசாரித்தால், லாரியின் 24 வோல்ட்டில் ஒயர் கொடுத்து ஸ்டார்ட் செய்திருக்கிறார். அன்று பதிந்த கோடு. அழித்தோம், திரும்பவில்லை.

சரி, ‘மிகை மின்னழுத்தப் பழுதுக்குறி’ என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். அடைப்புக்குள் ‘சார்ஜ் ஓவர்’.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மறுப்பு. எங்கள் பாடநூலில் ‘வோல்ற்றளவு’. பிறேக் பாடத்தில் ‘மிகை அழுத்தம்’ என்று வந்தால் பிள்ளைகள் பிறேக் ஒயிலின் அழுத்தத்தைத்தான் நினைப்பார்கள். இதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே?